இலங்கையில் சிறு வீட்டுடைமையும் வாடகை உறவும்: சில அவதானிப்புகள்

வீட்டு வாடகை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரு தரப்பாரை எதிரெதிரே நிறுத்தியே நிகழ்வன. ஒருபுறம் வீட்டுச் சொந்தக்காரர், மறுபுறம் வாடகைக் குடியிருப்பாளர். முன்னவர் சுரண்டுபவர், பின்னவர் சுரண்டப்படுபவர் என்று கொள்வது முற்போக்காளரிடையே நெடுங்கால வழக்கம். முன்னவர் முதலிட்டவர், பின்னவர் அவர் வீட்டை விட்டு வெளியேற மறுப்பவர் என்று கொள்வது உடைமையாளரிடையே வழக்கம். இவ்விரு கருத்துகளும் ஒரேயொரு மனிதரைக் கணக்கில் எடுக்கத் தவறுகின்றன. இரண்டு முகவரிகளிலும் ஒரே வேளையில் நிற்பவரே அம்மனிதர்.

யாழ்ப்பாணத்தில் சீதனமாகக் கிடைத்த கல்வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிறர் வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்குக் குடியிருந்த அரசாங்க இலிகிதரையும் ஆசிரியரையும் நம்மிற் பலர் அறிவோம். எழுபதுகளிலே ஒரே வாடகைச் சட்டம் கொழும்பில் அவருக்குக் காப்பாகவும், யாழ்ப்பாணத்தில் அவருக்குத் தளையாகவும் அமைந்தது. ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது தம் வீட்டுக்குள் தாமே புக முடியாது நின்றவர், கொழும்பில் அதே சட்டத்தின் வலிமையால் பல்லாண்டுகள் குறைந்த வாடகையில் வாழ்ந்தவராகவும் இருந்தார். இவ்விரட்டை நிலை தனிமனிதரொருவரின் விசித்திரமன்று. அது நமது மத்தியதர வர்க்கத்தின் பொருளியல் அமைப்பிலிருந்து எழுவது. சிறு வீட்டுடைமையாளர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளை அவ்வமைப்பின் வழிநின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிறு உடைமையின் இயல்பு

சிறு வீட்டுடைமையாளர் என்று நாம் ஈண்டுக் குறிப்பது, ஒன்று முதல் மூன்று வரையான வீடுகளையோ வீட்டுப் பகுதிகளையோ வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைத் தம் சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ துணையாகக் கொள்பவரை ஆகும். தோட்டம் எனக் கொழும்பிலே வழங்கும் வரிசைக் குடியிருப்புகளைக் கட்டி, நூற்றுக்கணக்கான அறைகளிலிருந்து வாடகை பெற்றவரும், மாடிக் குடியிருப்புகளைக் கட்டி விற்கும் இன்றைய நிறுவனங்களும் இவ்வகையினுள் அடங்கார்.

இச்சிறு உடைமை மூன்று வழிகளில் உருவாகின்றது. முதலாவது, முதுசமாகவோ சீதனமாகவோ வருவது. இரண்டாவது, சேமலாப நிதி, வங்கிக் கடன், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றைக் கொண்டு கட்டப்படுவது. மூன்றாவது, குடியிருக்கும் வீட்டின் மேலே ஒரு மாடியோ, பின்புறத்தே ஓர் 'அனெக்ஸோ' சேர்க்கப்படுவது. எவ்வழியில் வந்தாலும் இவ்வுடைமை ஒரே காலத்தில் மூன்று கடமைகளைச் சுமக்க வேண்டியதாகின்றது. இன்று அது மாத வருவாய் தரல் வேண்டும். நாளை மகளின் சீதனமாகவோ முதுமைக்கால உறைவிடமாகவோ அமைதல் வேண்டும். எக்காலத்தும் பணவீக்கத்திலிருந்து சேமிப்பைக் காத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன. வருவாய் நிலையாக வரவேண்டுமாயின் குடியிருப்பாளர் நீண்டகாலம் இருத்தல் வேண்டும். வீடு வேண்டிய வேளையில் கைக்கு வரவேண்டுமாயின் அவர் எக்கணமும் வெளியேறக் கூடியவராயிருத்தல் வேண்டும். சிறு உடைமையாளரின் பெரும்பாலான தொல்லைகள் இம்முரண்பாட்டில் வேர்கொண்டவை. குடியிருப்பாளரின் குணத்தின்மேற் பழிசுமத்தப்படும் பலவும் இதன் விளைவுகளேயாம்.

பெரிய உடைமையாளருக்கு இம்முரண்பாடு இல்லை. ஐம்பது வீடுகளில் இரண்டு வெறுமையாகக் கிடப்பின் அவர் இழப்பது தம் வருவாயில் 4 சதவீதமே. ஒரே வீட்டை உடையவரின் வீடு வெறுமையாகக் கிடப்பின் அவர் வருவாய் முழுவதும் நின்றுபோகின்றது. 'வீட்டுச் சொந்தக்காரர்' என்னும் ஒரே சொல்லால் இருவரையும் குறிக்கும்போது இவ்வடிப்படை வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

2. சட்டம் வகுத்த வழி

இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் ஏற்பட்ட வீட்டுத் தட்டுப்பாட்டைக் காரணமாகக் கொண்டு 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியாமையால் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 1966ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்றது. மாத வாடகை 100 ரூபாவுக்கு மேற்படாத வீடுகளைப் பொறுத்தவரை, 'வீடு எனக்கே தேவை' என்னும் காரணத்தைக் காட்டிக் குடியிருப்பாளரை வெளியேற்றும் வழி அதனால் அடைக்கப்பட்டது.

இத்தொடரின் உச்சமாக அமைந்தவை 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமுமாம். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலம் அது. காணிச் சீர்திருத்தத்தை ஒத்த ஒரு சீர்திருத்தம் நகர்ப்புற வீடுகளிலும் நிகழ்தல் வேண்டும் என்னும் கருத்து அன்று வலுப்பெற்றிருந்தது. உச்சவரம்புச் சட்டம், குடும்பமில்லாத தனியாள் இரண்டு வீடுகளையும், குடும்பமாயின் தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டிவரும் தொகையான வீடுகளையும் வைத்திருக்க இடமளித்தது. மேலதிக வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்கவும், அவ்வாறு கைமாறாதவை வீடமைப்பு ஆணையாளரிடம் சேரவும் அது வழிவகுத்தது. பல்லாண்டுகள் வாடகை செலுத்தி வந்த குடும்பங்கள் பல இதனால் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தாமே உரித்தாளராயின. இப்பயனைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

வாடகைச் சட்டத்தின் விதிகளும் தெளிவானவை. உள்ளூராட்சிச் சபை வரி விதிப்பதற்காக மதிப்பிடும் ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டு நியம வாடகை வரையறுக்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறையிலிருந்த மதிப்பீடே வீடுகளுக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. நியம வாடகை 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டில் மூன்று மாத வாடகை நிலுவையானாலன்றி, நிலுவையைக் காட்டி வழக்குத் தொடரல் இயலாது. குடியிருப்பாளர் இறப்பின் அவருடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு வாடகை உரிமை தொடரும். குடியிருப்பாளர் குடிபுகுந்த பின்னர் வீட்டை விலைக்கு வாங்கியவர், தம் தேவையைக் காட்டி அவரை வெளியேற்ற இயலாது. குடியிருப்பாளரோடு சேர்த்து வீட்டை மலிவாக வாங்கிப் பின் அவரை விரட்டிப் பெருவிலைக்கு விற்கும் வணிகத்தை இறுதியாகக் குறித்த விதி தடுத்தது.

ஆயின், சிறு உடைமையாளருக்கு நேர்ந்த இடர் எது? இரண்டைச் சுட்டலாம். முதலாவது, வாடகை ஓர் ஆண்டின் மதிப்பீட்டோடு கட்டுண்டு நிற்க, சீமெந்து, ஓடு, கூலி ஆகியவற்றின் விலைகள் ஆண்டுதோறும் ஏறிச் சென்றமை. ஓட்டைப் பிரித்து மேய்வதற்குச் சில ஆண்டு வாடகையையும் செலவிட வேண்டிய நிலையில், உடைமையாளர் பழுதுபார்க்காது விடலானார். பழுதைக் குடியிருப்பாளர் தாங்கினார். வாடகையின் மலிவைப் பழுது மெல்ல மெல்ல விழுங்கியது. கட்டுப்படுத்தப்பட்ட வாடகையால் இருவரும் இழந்தனர் என்பதைக் கொழும்பின் பழைய வீட்டு வரிசைகள் இன்றும் காட்டுகின்றன.

இரண்டாவது, வீட்டை மீளப் பெறுதல். ஒரேயொரு வீட்டை உடையவரின் இன்னலைக் கண்டு, 1977ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அத்தகையோர் வழக்குத் தொடர வழி திறந்தது. ஆனால் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தாலும், குடியிருப்பாளருக்கு மாற்று வீடு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என வீடமைப்பு ஆணையாளர் அறிவிக்கும் வரை அத்தீர்ப்பை நிறைவேற்ற இயலாது என்ற நிபந்தனை இணைக்கப்பட்டது. கொள்கையளவில் இந்நிபந்தனை நியாயமானதே. ஒருவருக்கு வீடு கிடைப்பதற்காக மற்றொருவர் தெருவில் நிற்றல் ஆகாது. ஆயினும் மாற்று வீடு வழங்குவதற்குப் போதிய வீடுகள் அரசிடம் இருந்தாலன்றி இந்நிபந்தனை நிறைவேறாது. வீடு கட்டவேண்டிய பொறுப்பு அரசினுடையது. அது நிறைவேறாதபோது எழுந்த சுமை, ஒரு வீடுடைய ஆசிரியர்மீதும் வீடே இல்லாத இலிகிதர்மீதும் இறக்கிவைக்கப்பட்டது. அவ்விருவரும் நீதிமன்ற வாயிலில் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர்.

1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு ஊசல் மறுபுறம் ஆடியது. 1980 ஜனவரி 1ஆம் திகதி உடைமையாளரே குடியிருந்து, அதன்பின் வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டன. திறந்த பொருளாதாரக் கொள்கையோடு இயைந்த மாற்றம் இது. இதனால் ஒரே தெருவில் இருவகை வாடகை உறவுகள் தோன்றின. பழைய வீட்டிற் குடியிருப்பவருக்குப் பெருங் காப்பு. புதிய வீட்டிற் குடியிருப்பவருக்கு ஒப்பந்தம் தரும் காப்பு மட்டுமே. இளந்தலைமுறையைச் சேர்ந்த குடியிருப்பாளர், தமக்கு முந்திய தலைமுறை பெற்ற பாதுகாப்பின் நிழலைக்கூடக் காணாதவராயினர்.

3. வரவும் செலவும்: ஒரு கணக்கு

வாடகை வருவாய் உழைப்பின்றி வரும் வருவாய் என்பர். பொருளியல் நோக்கில் இது பெருமளவு உண்மையே. காணியின் விலையேற்றம் உடைமையாளரின் உழைப்பால் வருவதன்று. வீதியும் பாடசாலையும் மின்சாரமும் நீரும் தந்த சமூகமே அதனை உண்டாக்குகின்றது. ஆயினும், கடன்பட்டு வீடு கட்டியவரின் கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதையும் நோக்குதல் வேண்டும். தெளிவின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக் கொள்வோம்.

ஒருவர் தம் வீட்டின்மேல் ஒரு மாடியை 60 இலட்சம் ரூபா செலவிற் கட்டுகின்றார். 30 இலட்சம் அவரது சேமிப்பு. மீதி 30 இலட்சம் வங்கிக் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணைக் காலம் 15 ஆண்டுகள் எனின், மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபா. மாடியின் மாத வாடகை 45,000 ரூபா எனக் கொள்வோம். மாதந்தோறும் 9,000 ரூபா மிஞ்சும் என்பதே முதற்கணக்கு. பெரும்பாலோர் இக்கணக்கோடு நின்றுவிடுகின்றனர்.

ஆண்டுக் கணக்கு வேறு. பன்னிரு மாத வாடகை 5,40,000 ரூபா. ஒருவர் வெளியேறி அடுத்தவர் வரும் இடைவெளிக்கு ஒரு மாத வாடகையான 45,000 ரூபாவைக் கழித்தல் வேண்டும். நீர்க்குழாய், மின்கம்பி, வர்ணப் பூச்சு, மலசலகூடத் திருத்தம் ஆகியவற்றுக்கு இன்னொரு மாத வாடகையைக் கழித்தல் வேண்டும். சோலைவரி எனப்படும் ஆதனவரியும் காப்புறுதியும் சேர்ந்து 25,000 ரூபா எனின், எஞ்சுவது 4,25,000 ரூபா. வங்கிக்குச் செலுத்த வேண்டியதோ 4,32,000 ரூபா. ஆண்டு முடிவில் 7,000 ரூபா குறைகின்றது. சொந்தச் சேமிப்பான 30 இலட்சத்தை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டிருப்பின் கிடைத்திருக்கும் 2,40,000 ரூபாவை இக்கணக்கில் நாம் சேர்க்கவேயில்லை. வருமான வரியையும் சேர்க்கவில்லை.

ஆயின் அவர் ஏன் கட்டுகின்றார்? பதினைந்து ஆண்டுகளின் பின் கடனற்ற மாடி ஒன்று எஞ்சும் என்பதற்காகவும், இடையில் காணி விலை ஏறும் என்பதற்காகவும் கட்டுகின்றார். அதாவது அவர் உண்மையில் வாடகையை நம்பி முதலிடவில்லை. காலத்தை நம்பியே முதலிடுகின்றார். காலம் அவரைக் கைவிடுவதும் உண்டு. 2022 ஏப்பிரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. மாறும் வட்டியிற் கடன் பெற்றவருக்கு வட்டி 20 சதவீதமாயின், மேலே கண்ட கடனின் மாதத் தவணை ஏறத்தாழ 52,700 ரூபாவாகும். முழு வாடகையும் தவணைக்குப் போதாது. குடியிருப்பாளரின் சம்பளமோ அதே மாதங்களில் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் போதாதாயிற்று. உடைமையாளர் வாடகையை உயர்த்தக் கேட்டதும், குடியிருப்பாளர் பொறுக்கக் கேட்டதும் ஒரே நெருக்கடியின் இரு குரல்கள். அந்நெருக்கடியை அவ்விருவருள் எவரும் உண்டாக்கவில்லை.

இக்கணக்கிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்றும் பெறப்படுகின்றது. ஆண்டு வாடகையில் இரு மாத வருவாயைச் செலவாகவும் இடைவெளியாகவும் முன்கூட்டியே ஒதுக்காத சிறு உடைமையாளர், முதற் பழுதிலேயே கடனாளியாவார். அவ்வொதுக்கீடு இல்லாமையால் அவர் பழுதைத் தள்ளிப்போடுகின்றார். பழுது காரணமாக நல்ல குடியிருப்பாளர் விலகுகின்றார். வீடு வெறுமையாகக் கிடக்கின்றது. நட்டம் இவ்வாறே வட்டமிட்டு வளர்கின்றது.

4. வாய்ச்சொல்லும் உறுதியும்

நம்மவரிடையே வாடகை உறவு பெரும்பாலும் முகத்தாட்சணியத்தில் தொடங்குகின்றது. ஊரவர், உறவினர், கூடப் படித்தவரின் தம்பி என்ற நம்பிக்கையில் வீடு கைமாறுகின்றது. எழுத்தில் எதுவும் இராது. அல்லது முத்திரை ஒட்டிய ஒரு தாளில் இருவர் கையொப்பமிட்டிருப்பர். இத்தாளின் பெறுமதி யாது என்பதைப் பலர் வழக்கின்போதே அறிகின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் முறைப்படி நிறைவேற்றப்பட்டாலன்றி வலிதாகாது. ஆதலால் இரண்டு ஆண்டுகளுக்கென எழுதிய சாதாரணத் தாள், சட்டத்தின் கண்ணில் மாதாந்த வாடகையாகவே நின்றுவிடுகின்றது. இரண்டு ஆண்டுகள் இருக்கலாம் என நம்பிய குடியிருப்பாளருக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை உறுதி என நம்பிய உடைமையாளருக்கும் அது ஒருங்கே ஏமாற்றமளிப்பது.

நமது பொதுச்சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டத்தின் மற்றொரு தத்துவமும் நினைவுகொள்ளத்தக்கது. வீட்டை விற்றல் அதிலுள்ள குத்தகையை முறிக்காது. வாங்குபவர் குத்தகைக்குக் கட்டுப்பட்டே வாங்குகின்றார். ஆதலால் பணமுடை நேரும்போது வீட்டை விற்றுவிடலாம் என எண்ணியிருந்த சிறு உடைமையாளர், குடியிருப்பாளர் உள்ள வீட்டுக்குக் குறைந்த விலையே கிடைப்பதைக் காண்கின்றார்.

யாழ்ப்பாணத்தில் இதனோடு தேசவழமையின் சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன. பிரிக்கப்படாத பங்குகளாக முதுசக் காணி பல உடன்பிறப்புகளுக்கு உரித்தாக, அவர்களுள் இருவர் கனடாவிலும் ஒருவர் கொழும்பிலும் இருக்க, ஊரிலிருப்பவர் வீட்டை வாடகைக்கு விடுகின்றார். வாடகை யாருக்கு, பழுதின் செலவு யாருடையது என்ற வினாக்கள் அண்ணன் தம்பியரைப் பிரிக்கின்றன. பங்கை விற்க முனைவோர் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்குரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி உடன்பங்காளருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். மேலும், சீதன வீட்டின் உரித்தாளர் பெண்ணே. ஆயினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமையடைதல் பற்றிய கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையளிக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. கணவன் கைவிட்டோ காணாமற் போயோ விட்ட நிலையில், வீடு அவள் பெயரில் இருந்தும் அவள் கைக்கு எட்டாததாயிற்று. சிறு உடைமையாளர் எனும்போது ஆண்மகனையே மனத்திற் கொள்வது தவறு என்பதை இது உணர்த்தும்.

வாடகையின் இடர்களிலிருந்து விலகி நிற்க நம்மவர் கண்ட பழைய வழி ஒற்றியாகும். உடைமையாளர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டின் அனுபவத்தைப் பணம் கொடுத்தவரிடம் விடுவார். வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. தொகையைத் திருப்பும்போது வீடு மீளும். நிலுவை வாடகை என்னும் பிரச்சினை இதில் எழாது. விலைவாசி ஏறுங் காலத்தில் பெற்ற அதே தொகையைத் திருப்பினாற் போதும் என்பது உடைமையாளருக்கு இலாபம். ஆயின், பெற்ற தொகை மகளின் கலியாணத்திலோ மகனின் வெளிநாட்டுப் பயணத்திலோ செலவாகிவிட்டால் வீட்டை மீட்க வழியின்றிப் போகும். ஒற்றியில் தொடங்கி அறுதி உறுதியில் முடிந்த வீடுகள் யாழ்ப்பாணத்திற் குறைவல்ல.

5. போரும் தொலைவும்

எல்லா நாட்டுச் சிறு உடைமையாளருக்கும் உரிய தொல்லைகளோடு, நமது மக்களுக்கெனத் தனியே நேர்ந்தனவும் உள. 1990 முதல் வலிகாமம் வடக்கிலும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரிலும் வலிகாமம் முழுவதிலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளில் மக்கள் வீடுகளைத் திறந்தபடி விட்டு வெளியேறினர். கைவிடப்பட்ட வீடுகளிற் பிற இடங்களிலிருந்து இடம்பெயர்ந்தோர் குடியேறினர். வாடகையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. உயிர் தப்பியவர் கூரையொன்றைக் கண்டு ஒதுங்கினார், அவ்வளவே. காலப்போக்கில் அதுவே உரிமைப் பிணக்காயிற்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரித்தாளரின் உரிமையை ஏற்காது பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம். போரால் வரமுடியாதிருந்தோருக்கு இவ்விதி பெருங் கொடுமையாதலைக் கருதி, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை விலக்கிக் கணிக்க வழிசெய்தது. ஆயினும் வெளிநாட்டில் வாழ்பவர் அற்றோணித் தத்துவம் கொடுத்து உறவினர்மூலம் வழக்காடுவதும், அத்தத்துவம் பெற்றவரே வீட்டை விற்றுவிடுவதும் நாம் காணாதனவல்ல.

கொழும்பிலே தமிழரின் வாடகை வாழ்வு வேறொரு சுமையைத் தாங்கியது. போர்க்காலத்தில் வீட்டில் தங்குவோரின் பெயர்களைப் பொலிஸ் நிலையத்திற் பதிவுசெய்தல் வேண்டும் என்ற நடைமுறை, வீட்டுச் சொந்தக்காரரைக் காவற்காரராக்கியது. வடக்கிலிருந்து வந்த இளைஞருக்கு அறை கொடுப்பின் விசாரணை வரும் என்ற அச்சத்தால், தமிழ் உடைமையாளர்களே தமிழ் இளைஞருக்குக் கதவடைத்தனர். கொடுத்தவர்கள் அவ்வச்சத்தின் விலையையும் வாடகையிற் சேர்த்துக்கொண்டனர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிற் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதனைத் தடுத்தது. அன்று வாடகை செலுத்தியிருந்தோரின் ஒப்பந்தம் அவர்களைக் காக்கவில்லை. லொட்ஜ் உரிமையாளரின் உறுதியும் அவர்தம் வாசலைக் காக்கவில்லை. அரசின்முன் இரு தரப்பாரும் ஒரே அளவு வலுவிழந்து நின்ற நாள் அது.

6. முடிவாகச் சில கருத்துகள்

வீடமைப்புப் பிரச்சினை குறித்து 1872இல் ஏங்கெல்சு எழுதிய கட்டுரைகளை முற்போக்கு வாசகர் அறிவர். வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான உறவைத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவோடு ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதும், தொழிலாளர் ஒவ்வொருவரையும் சிறு வீட்டுரிமையாளராக்குவதால் வீட்டுப் பிரச்சினை தீராது என்பதும் அவர் புரூதோனியரை மறுத்து நிறுவிய இரு கருத்துகளாம். எழுபதுகளின் நமது சட்டங்கள் முதலாவதை மறந்தன எனவும், அதன் பின்வந்த கொள்கைகள் இரண்டாவதை மறந்தன எனவும் கூறலாம். முன்னவை ஒரு வீடுடையவரையும் ஐம்பது வீடுடையவரையும் ஒரே வாடகை விதியால் அளந்தன. பின்னவை சொந்த வீட்டைக் கட்டுமாறு எல்லோரையும் ஊக்கி, கட்ட இயலாதவரைச் சந்தையிடம் விட்டன.

சந்தையிடம் விட்டதன் விளைவை இன்றைய குடியிருப்பாளர் அறிவார். ஓராண்டு வாடகையை முற்பணமாகத் தருமாறு அவர் கேட்கப்படுகின்றார். ஆண்டு முடிவில் காரணமின்றி வெளியேறக் கேட்கப்படுகின்றார். பிள்ளையின் பாடசாலை மாறுகின்றது. முற்பணத்தைத் திரும்பப் பெறுவதற்குள் புது வீட்டுக்கு இன்னொரு முற்பணம் தேடுகின்றார். குத்தகைக்கு விட்ட இடங்களின் உடைமையை மீளப் பெறுவதற்குச் சுருக்க நடைமுறையை வகுத்த 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உடைமையாளரின் நீண்டநாட் குறையொன்றைத் தீர்க்க முனைந்தது. விரைவான நீதி வரவேற்கத்தக்கதே. ஆனால் முற்பணத்தை மீட்கவும் பழுதைத் திருத்துவிக்கவும் குடியிருப்பாளர் நாடும் நீதியும் அதே விரைவில் கிட்டுதல் வேண்டும்.

நாம் முன்வைக்கும் கருத்து இதுவே. வாடகைச் சட்டம் உடைமையின் அளவை நோக்கி வேறுபடல் வேண்டும். ஒரு வீடுடையவர் தம் குடும்பத் தேவைக்காக அதனை மீளப் பெறும் உரிமை, போதிய முன்னறிவித்தலோடு உறுதிசெய்யப்படல் வேண்டும். பல வீடுகளை வணிகமாக நடத்துவோரிடம் குடியிருப்பவருக்கு நீண்டகாலக் குடியிருப்புரிமை உறுதிசெய்யப்படல் வேண்டும். வாடகை ஓர் ஆண்டின் மதிப்பீட்டோடு உறையாது, குறித்த கால இடைவெளிகளில் வாடகைச் சபையொன்றால் மீளாய்வு செய்யப்படல் வேண்டும். காணி விலையேற்றத்தால் வரும் பெரும்பயனில் ஒரு பங்கை வரியாகப் பெற்று, வாடகைக்கென்றே பொது வீடுகள் கட்டப்படல் வேண்டும். மாற்று வீடு என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் உண்டாகும்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியனவும் சில உண்டு. நொத்தாரிசு முன்னிலையிற் குத்தகை எழுதுதலும், வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தலும் கேட்டு வாங்குதலும், குடிபுகும் நாளில் வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிவைத்தலும், முற்பணத்தைத் தனியே வைத்திருத்தலும், பழுதுக்கென வருவாயில் ஒரு பங்கை ஒதுக்குதலும் எளியன. இவை நம்பிக்கையின்மையின் அறிகுறிகள் எனக் கருதுவோர் உளர். உறவை நாம் மதிப்பதாயின், அது கெடக்கூடிய இடங்களை முன்னரே எழுதிவைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

தொடக்கத்திற் கண்ட அந்த இலிகிதரிடம் மீள்வோம். கொழும்பு முகவரியில் அவர் வேண்டியது, நாளை வெளியேற்றப்படமாட்டேன் என்ற உறுதி. யாழ்ப்பாண முகவரியில் அவர் வேண்டியது, என் வீட்டுக்கு நான் திரும்பலாம் என்ற உறுதி. இரண்டும் ஒரே மனிதரின் நியாயமான வேண்டுதல்கள். ஒன்றை அளிப்பதற்கு மற்றொன்றைப் பறிக்க வேண்டிய நிலை, போதிய வீடுகளைக் கட்டாத சமூகமொன்றின் நிலையாகும். அக்குறையை மறைத்து, இரு சிறு மனிதரின் பிணக்காக அதனைக் காட்டும்வரை நீதிமன்றங்களில் வழக்குகள் பெருகுமேயன்றி நகரங்களில் வீடுகள் பெருகா.